இருபத்தேழாம் பக்கத்துக் கோடு

தெர்ஸா போக்ஸன் தன் வாழ்நாளில் யாருக்கும் விஷம் வைத்ததில்லை. முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் தினம் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவர். வசதி இருந்தது, காரணம் இருந்தது, இரண்டு தலைமையாசிரியர்கள் அதற்கு முழுத் தகுதியோடும் இருந்தார்கள். இருந்தும் வைக்கவில்லை.

"வச்சிருந்தா ஒருத்தனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான். அதனாலதான் வைக்கல" என்பார். "கண்டுபிடிக்க ஆள் இல்லாத கொலையில என்ன ருசி இருக்கு?"

ஆக்கன்ராய்டு சின்ன ஊர். இரண்டு குன்றுகளுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லாமல் படுத்திருக்கிற, மழை நின்றால் ஜனங்கள் வாசலுக்கு வந்து என்ன ஆயிற்று என்று அண்ணாந்து பார்க்கிற ஊர். அந்த ஊர் நூலகக் கிளைக்கு நான் பொறுப்பாளன். மேலே மலையில், ஆள் தொகையைவிட ஆட்டுத் தொகை அதிகமாக இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்து, எங்கள் வம்சத்திலேயே முதல் முறையாகக் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கியவன். சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொள்வேன். தெர்ஸாவிடம் மட்டும் சொல்ல முடியாது. "பட்டம் வாங்கினியா? சரி, அந்த மேல் தட்டுப் புத்தகத்தை எடுத்துக் குடு" என்பார்.

பதினைந்து வயதில் நூற்பாலைக்கும் இருபது வயதில் சமையலறைக்கும் போன தெர்ஸாவைப் படிப்பாளி ஆக்கியது ஒரு வழுக்கல். கஸ்டர்ட் சிந்திய தரையில் கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வார்டில் இருந்தது ஒரே புத்தகம்: ஹொனோரியா கேல் எழுதிய துப்பறியும் நாவல். அதிலும் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

கொலைகாரன் யார் என்று தெரியாமலே இருபத்தாறு வயது தெர்ஸா ஐந்து வாரம் யோசித்தார். சமையல்காரி சாஸை அடுப்பில் வைத்துவிட்டுப் போனதாக ஒரு வரி வருகிறது. எந்தச் சமையல்காரியும் அப்படிப் போக மாட்டாள். ஆகவே அவள் சமையல்காரியே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்த அன்று, கட்டுப் போட்ட காலோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நூலகத்துக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தைப் பிரித்துப் பார்த்தார். சமையல்காரிதான்.

"அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுது தம்பி, எனக்கு மூளை இருக்குன்னு. அதுவரைக்கும் எவனும் சொல்லல."

அன்று ஆரம்பித்த உறவு ஐம்பத்து மூன்று வருஷமாகத் தொடர்ந்தது. கணவர் பெர்சியோடு முப்பத்தெட்டு வருஷம், கேல் அம்மாளோடு ஐம்பத்து மூன்று. இரண்டில் எது நல்ல உறவு என்று கேட்டால், "பெர்சியை முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்" என்பார்.

எங்கள் கிளையில் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஒரு வாசகர் கூட்டம் நடக்கும். ஏவிஸ் மர்காட்ராய்டு தலைமை. அதாவது தேநீர்க் கூஜாவைத் தொடும் அதிகாரம் அவருக்கு மட்டும். பிணப்பெட்டிக் கடை வைத்து ஓய்வு பெற்ற நாரிஸ் வருவார். இன்னும் ஐந்தாறு பேர் வருவார்கள், கேக் இருக்கிற வாரம் எட்டாகும். எல்லோருக்கும் எதிராக ஹெட்லி கிராப்ட்ரீ.

ஹெட்லி முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் கணக்கெடுத்தவர். ஊரில் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவருடைய தெய்வம் லாம்பர்ட் ஸ்பென்ஸ். நாற்பது நாவல். கதாநாயகர் எடை அளவு இன்ஸ்பெக்டர். பிணத்தைப் பார்த்ததும் முதலில் அதை நிறுத்துப் பார்ப்பார். கேல் அம்மாளின் கதாநாயகியோ வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பெண். ஐம்பத்தெட்டு நாவல்களில் ஐம்பத்தெட்டு பியானோ, எல்லாப் பியானோவுக்கும் அருகில் ஒரு பிணம்.

"அந்தப் பொம்பளை வந்தா பியானோ சரியாகும், வீட்டுல ஒருத்தன் சாவான்" என்பார் ஹெட்லி. "இவ்வளவு நடந்தும் அவளை ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க? அதை யாராச்சும் துப்பறிஞ்சாங்களா?"

இந்தச் சண்டை நான் வருவதற்கு முன்பே இருபது வருஷம் ஓடியிருந்தது. அது அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் நவம்பர் முதல் வாரம் மாவட்ட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. நூலகத்தில் ஜனங்கள் தபால் சாமானை வந்து எடுத்துக்கொள்ளும் பார்சல் பெட்டிகள் வைக்கப் போகிறார்களாம், துப்பறியும் நாவல் அலமாரியில் பாதி காலியாக வேண்டும். ஸ்பென்ஸ் வரிசை இருக்கலாம் அல்லது கேல் வரிசை இருக்கலாம். ஒரு வருஷத்தில் எது குறைவாக இரவல் போனதோ அது வெளியேறிக் காகிதக் கூழாகும். பொறுப்பாளர் வேறு முடிவு எடுத்தால் தகுந்த காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாதக் கடைசி கெடு.

நான் படித்தவன் அல்லவா? கணினியைத் தட்டினேன். ஸ்பென்ஸ் நூற்று முப்பத்து மூன்று. கேல் எழுபத்து நான்கு. வண்ணக் கட்டங்களோடு ஒரு வரைபடம்கூடப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மிக அழகான வரைபடம்.

தெர்ஸா வந்தார். பலகைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய், தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"என்ன தம்பி போட்டிருக்கே? கேக் செய்முறையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது தெரியவில்லை. எங்களிடம் ஸ்பென்ஸ் வரிசை சாதாரண எழுத்தில் இருந்தது. கேல் வரிசை மட்டும்தான் பெரிய எழுத்துப் பதிப்பு; அது முழுசாக வந்து இரண்டு வருஷம்தான், அதற்கு முன் ஒரு டஜன் தலைப்பு எங்களிடம் இல்லை. ஒரு பக்கத்தில் பதினைந்து வரி, ஒவ்வொரு எழுத்தும் பட்டாணி அளவு. தெர்ஸாவின் பார்வையில் நடுப்பகுதி இரண்டு வருஷமாகக் கரைந்துகொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் புகை, ஓரத்தால் பார்த்தால் உலகம். டாக்டருக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும்.

நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றினார், மாட்டினார்.

"அந்தம்மா போனா நான் படிக்க வேற ஒண்ணும் கிடையாது, தெரியுமில்ல?"

"அதையே எழுதிடறேனே, போக்ஸன் அம்மா. பார்வைக் குறைவு உள்ள வாசகர்னு. நல்ல காரணம். உடனே ஒத்துக்குவாங்க."

"எழுதிப் பாரு. உன் டிகிரியைக் கிழிச்சு அலமாரிக்கு விரிச்சிடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "கண்ணு தெரியாத கிழவிக்குப் பரிதாபப்பட்டு ஹொனோரியா கேலை விட்டு வச்சாங்கன்னு ஊர் பேசணுமா? ஹெட்லி காதுல விழணுமா? அவ எழுத்தால ஜெயிக்கணும். அடுத்த செவ்வாய் கூட்டத்துல வாதம் வைச்சுக்கலாம். உனக்கு எழுதறதுக்குக் காரணம்தானே வேணும்? அள்ளித் தர்றேன்."

போகிற போக்கில் திரும்பி நின்றார்.

"தம்பி, ஒரு புத்தகத்தைப் படிச்சு முடிச்சிட்டு சுத்தமா மறந்து போறது எந்த வயசுல ஆரம்பிக்கும்?"

"எனக்குப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு."

"விளையாடாதே. பதினோரு புத்தகம். என் கோடு இருக்கு. பேர் கேட்டாக்கூட ஒண்ணும் வரமாட்டேங்குது. ஞாபகம் இருக்கிற கொலையைப் பத்து தடவை படிக்கலாம், அவ எந்த இடத்துல நம்மள ஏமாத்தினான்னு பாக்கலாம். மறந்து போனதைத் தொறக்கத்தான் பயமா இருக்கு. அப்படியே வச்சிட்டு வந்திடறேன்."

அந்தக் கோடு என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாரத்துக்கு நாலு கொலை படிப்பவர்கள். எது படித்தது, எது படிக்காதது என்று அட்டையைப் பார்த்தால் தெரியாது. எல்லா அட்டையிலும் ஒரு பங்களாவும் ஒரு கத்தியும். ஆகவே ஆளுக்கொரு ரகசியக் குறி வைத்திருக்கிறார்கள். அவரவர் வீட்டு எண் எதுவோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் போடுவார்கள். எட்டாம் எண் வீட்டு ஏவிஸ் எட்டாம் பக்கத்தில் ஒரு புள்ளி. நாரிஸ் நூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஒரு சிலுவை, தொழில் பழக்கம். டேனர் தெரு இருபத்தேழாம் எண் தெர்ஸா, இருபத்தேழாம் பக்கத்தில் பக்க எண்ணுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பதிவேட்டில் சாப்பிட்டு முடித்த பிள்ளையின் எண்ணுக்குக் கீழே கோடு போட்ட பழக்கம். நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம் என்று பலகை வைத்திருக்கிறோம். ஊரே குற்றவாளி. புத்தகத்தை எடுத்ததும் தன் பக்கத்தைப் பார், குறி இருந்தால் திரும்ப வை: ஆக்கன்ராய்டில் படிப்பு என்பது இதுதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். இஞ்சியும் ஓட்ஸும் வெல்லப்பாகும் போட்டு ஏவிஸ் பார்கின் கேக் செய்து வந்திருந்தார் என்பது முன்கூட்டியே கசிந்துவிட்டது. நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

ஹெட்லி எழுந்தார். வெளிர் நீலக் கழுத்துப் பட்டை கட்டியிருந்தார். எதிரியை அடக்கம் செய்யும் நாளில் கட்டுவது.

"என் வாதம் சின்னது. ஐம்பத்தெட்டு கதை. எத்தனை வீடு, எத்தனை மாளிகை! ஒரு வீட்டுலயாவது மீட்டர் பாக்க ஒருத்தன் வந்திருக்கானா? கேஸ் அடுப்பு எரியுது, விளக்கு எரியுது. கணக்கு எவன் எடுத்தான்? இந்தம்மாவுக்கு வேலை செய்யற மனுஷனே கண்ணுல படமாட்டான். ஸ்பென்ஸைப் பாருங்க. ஒவ்வொரு அவுன்ஸுக்கும் கணக்கு இருக்கும்."

"அவுன்ஸு!" தெர்ஸா உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார். "யோவ் ஹெட்லி, அந்தக் கல்யாண விருந்துக் கதையைச் சொல்லு. முப்பது பேருக்கு ஒரே அண்டாவுல கஸ்டர்ட். விஷம் அண்டாவுல. ஒருத்தன் மட்டும் செத்தான். எப்படி?"

"அவன் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான். அளவு கூடிப் போச்சு. இன்ஸ்பெக்டர் கரண்டியை அளந்து கண்டுபிடிக்கிறாரு."

"அண்டாவுல காய்ச்சின கஸ்டர்டை எவன்யா ரெண்டாவது தடவை வாங்குவான்? முப்பத்து நாலு வருஷம் ஊத்தியிருக்கேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்டதில்ல."

கூட்டம் சிரித்தது. அங்கிருந்த பாதிப் பேர் அந்தக் கஸ்டர்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

"அது கதை தாயே!"

"கதைன்னா பொய் சொல்லலாம், தப்பாச் சமைக்கக் கூடாது. கேல் அப்படிச் செய்ய மாட்டா. அவ சமையலறைல பால் பொங்கினா யாரோ அடுப்பை விட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். நீ அளவைப் பாக்கறே, அவ ஆளைப் பாக்கறா."

"என் தொழிலைக் கேட்டா," என்று நாரிஸ் கண்ணைத் திறந்தார், "ரெண்டு பேருக்கும் பொணத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஸ்பென்ஸ் பொணம் வெறச்சுக்கிட்டே இருக்கு. கேல் பொணம் தூங்கற மாதிரி அழகா இருக்கு. நான் நாலாயிரம் பாத்திருக்கேன். ஒண்ணுகூட அழகா இல்ல." கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, பிரபலம்?" ஹெட்லி என் வரைபடத்தைச் சுட்டிக் காட்டினார். "நூத்தி முப்பத்து மூணு. எழுபத்து நாலு. ஜனங்க சொல்லிட்டாங்க. அந்தப் படிச்ச பையனே கலர் கலராப் போட்டுட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நோட்டில் இதுவரை எழுதியிருந்தது: கஸ்டர்ட். மாவட்ட நிர்வாகத்துக்கு அது போதாது என்று பட்டம் வாங்காதவருக்கும் தெரியும்.

தெர்ஸாவுக்கும் தெரிந்தது. "இருங்க. பேசிக்கிட்டே இருந்தா ஆகாது. ஒரு பக்கம் படிச்சுக் காட்டச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்று எழுந்து அலமாரிக்குப் போனார். கைக்கு வந்ததை எடுத்தார், பச்சை அட்டை. என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், பழக்க தோஷம், இருபத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் பார்த்தார்.

கோடு இருந்தது.

அது அந்தப் பதினொன்றில் ஒன்று என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மூடப் போனவர் நின்றார். கட்டைவிரலால் அந்தத் தாளின் பின்பக்கத்தைத் தடவினார். மறுபடி தடவினார். பிறகு அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து, அதன் இருபத்தேழாம் பக்கத்தின் முதுகைத் தடவினார். அப்புறம் இன்னொன்று. ஒன்பது பேரும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் புத்தகம் புத்தகமாகத் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெர்ஸா கண்ணு, உடம்பு சரியில்லையா?" என்றார் எல்லோரையும் கண்ணு என்றே கூப்பிடும் ஏவிஸ்.

"என் கை எப்படிப்பட்ட கைன்னு தெரியுமா ஏவிஸ்?"

"நல்லாத் தெரியும். சின்ன வயசுல என் முதுகுல வாங்கியிருக்கேன்."

"நானூறு பேருக்கு உருளைக்கிழங்கு மசிச்ச கை. நான் கோடு போட்டா அடுத்த தாள்ல பள்ளம் விழும். பின்னாடி மேடு தட்டும். தம்பி, நீ தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். ஒரு புத்தகத்தில் தாளின் பின்னால் கோடு மேடாகத் தட்டுப்பட்டது. பச்சை அட்டையில் ஒன்றுமே இல்லை, வழவழப்பு. மயிலிறகால் போட்ட மாதிரி கோடு.

"இது நான் போட்ட கோடு இல்ல" என்றார் தெர்ஸா. "நான் மறக்கல. நான் இதைப் படிக்கவே இல்ல! எவனோ என் பக்கத்துல என் கோட்டைப் போட்டு வச்சிருக்கான்."

கூட்டத்தில் யாரும் கேக்கை மெல்லவில்லை. இருபது வருஷமாகக் கொலை பேசிய கூட்டத்துக்கு முதல் முறையாக ஒரு நிஜமான தடயம் கிடைத்திருந்தது. நாரிஸ்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் வீட்டு எண்ணும் இருபத்தேழா இருந்தா?" என்றேன். பட்டம் வாங்கியதற்கு இவ்வளவாவது பயன் இருந்தது.

ஏவிஸ் மெதுவாகத் தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தார். "கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வருஷா வருஷம் நான்தான் எல்லாருக்கும் அனுப்பறேன். ஆல்பியன் வரிசை, இருபத்தேழு. ஹெட்லி, அது உன் வீடுதானே கண்ணு?"

ஹெட்லியின் கழுத்துப் பட்டைக்கு மேலே சிவப்பு ஏறியது. அவர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமா. நான்தான். அவ கோடு மாதிரியே போட்டேன். படிச்சாச்சுன்னு நினைச்சு எடுக்காம போகட்டும்னு. கேல் கணக்கு குறையட்டும்னுதான் செஞ்சேன். சதி. போதுமா?"

ஐயோ பாவமே என்று ஏவிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் நான் கவனித்தது வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதனின் முகத்தில் நிம்மதி இருந்தது. அதைவிடப் பெரிதாக எதையோ மறைத்துவிட்ட நிம்மதி.

தெர்ஸாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும், ஓரக் கண்ணால். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. பச்சை அட்டையை என்னிடம் நீட்டினார்.

"பின் அட்டைல கதைச் சுருக்கம் பொடி எழுத்துல இருக்கும். படி தம்பி."

படித்தேன். பனி விழுந்து வழி அடைபட்ட நாள். ஒரு வக்கீல் வீடு. மாடிப்படிக்கு அடியில் வக்கீலின் பிணம். கடைசியாக அந்த வீட்டுக்கு வந்து போனவன், கேஸ் மீட்டர் கணக்கெடுப்பவன்.

"ஆகா!" என்றார் தெர்ஸா. "மீட்டர்காரன் வரலைன்னு சொன்னியே ஹெட்லி? வந்திருக்கான். வந்ததோட விட்டானா, வக்கீலை மண்டையில போட்டுட்டும் போயிருக்கான். அதானே பாத்தேன். வீட்டுக்கு வீடு மூக்கை நுழைக்கிற பொழப்பு. திருட்டுப் புத்தி. கேல் சரியாத்தான் எழுதியிருக்கா, இந்த மீட்டர்காரனுங்களே…"

"அவன் கொல்லல!" ஹெட்லி மேஜையைத் தட்டினார். தேநீர்க் கோப்பைகள் குதித்தன. "முட்டாள்தனமாப் பேசாதே! அவன்தான் அந்தக் கதைல ஒரே யோக்கியன்! மீட்டர்ல ஓடின கணக்கை வச்சு ராத்திரி பூரா அடுப்பு எரிஞ்சிருக்குன்னு அவன்தான் கண்டுபிடிக்கிறான். பியானோக்காரி அவன்கிட்ட வந்து 'உங்க தொழில்ல இவ்வளவு நுட்பமா'ன்னு கேக்கறா பாரு, அந்த ஒரு பக்கம் போதும், நான் ரெண்டு தடவை…"

நின்றார்.



"ரெண்டு தடவை?" என்றார் தெர்ஸா தேனாக.

ஹெட்லி உட்கார்ந்தார். இருபது வருஷக் கோட்டை சரிந்து உட்கார்ந்தது.

எனக்கு அப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. தினம் காலையில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில் ஹெட்லி குதிரைப் பந்தயப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பேப்பரைத் திருப்பும் சத்தம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பேப்பருக்குள்ளே கேல் அம்மாள் இருந்திருக்கிறார். உள்ளேயே உட்கார்ந்து படிக்கிற புத்தகம் கணக்கில் ஏறாது.

"ரெண்டு வருஷமா" என்றார் ஹெட்லி, மேஜையைப் பார்த்து. "கண்ணு போச்சு. ஸ்பென்ஸோட எழுத்து எறும்பு மாதிரி ஓடுது, பிடிக்க முடியல. இங்க பெரிய எழுத்துன்னு இருக்கிறது அந்தம்மா மட்டும்தான். வேற என்ன செய்ய? எதையாவது படிக்கணுமில்ல? மீட்டர் எண்ணை எடுத்ததும் அடில ஒரு கோடு போட்டு வைக்கிறது என் தொழில் பழக்கம். அதே மாதிரி இதுலயும் போட்டுட்டேன். அவ கோடுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்பென்ஸ் நாலு நாலா எடுத்துட்டுப் போவீங்களே?" என்று கேட்டேன்.

"கையில ஸ்பென்ஸ் இல்லாம இந்த ஊர்ல நான் எப்படி நடக்கறது? கொண்டு போவேன், வைப்பேன், கொண்டு வருவேன். பிரிக்கவே இல்ல."

இரண்டு வாரத்துக்கு நான்கு என்றால் வருஷத்துக்கு நூற்று நான்கு. நூற்று முப்பத்து மூன்றில் நூற்று நான்கைக் கழித்தேன். மீதி இருபத்தொன்பது. அறிவிப்புப் பலகையிலிருந்து என் அழகான வரைபடத்தை நானே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவமானத்தில் தலை குனிந்திருந்த ஹெட்லியைத் தெர்ஸா சிறிது நேரம் பார்த்தார், பக்கவாட்டில்.

"எனக்கும் அதேதான்" என்றார் திடீரென்று, எல்லோருக்கும் கேட்க. "நேரா பாத்தா ஒண்ணும் தெரியல. ஓரமாப் பாத்தாத்தான் தெரியும். அதனால உன் மூஞ்சியை நல்லாப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுல ஒரு வருத்தமும் இல்ல."

ஹெட்லி நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

"தம்பி, எழுதிக்கோ. இப்ப எழுதலாம். கேலோட பரம எதிரியே பேப்பருக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிச்சிருக்கான். அதைவிடப் பெரிய காரணம் எந்த எழுத்தாளருக்குடா கிடைக்கும்?"

எழுதினேன். கணக்கைத் திருத்தி, இரண்டு வாசகர்களின் சம்மதத்தோடு பார்வைக் குறைவையும் சேர்த்து, முழு இரண்டு பக்கம். மாவட்டத்திலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: கேல் இருக்கலாம். கூழாக்கும் வண்டி வருவதற்கு முந்தின நாள் ஹெட்லி தள்ளுவண்டி கொண்டுவந்து ஸ்பென்ஸ் நாற்பதையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். படிக்க முடியாது, இருந்தாலும் ஸ்பென்ஸ்தான் பெரியவர் என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

ஆனால் கதையின் சரியான முடிவு அதற்கு அடுத்த புதன்கிழமை நடந்தது. ஹெட்லி வழக்கமான நாற்காலியில் இருந்தார், மடியில் கேல், வெளிப்படையாக; பேப்பரை மட்டும் பழக்கத்துக்காக விரித்து வைத்திருந்தார். தெர்ஸா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பதினொன்றில் ஹெட்லி பாதியைக் கொட்டிவிட்ட பச்சை அட்டையை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பிரித்தார். எழுபத்தொன்பது வயதில் பத்து புத்தம் புதிய கேல். பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் பூட்டியிருப்பார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் ஹெட்லி. "இருபத்தேழாம் பக்கத்துல கோடு இருந்தா நானும் திரும்ப வச்சிடுவேன். அலமாரி பூரா கோடு. அப்ப அதெல்லாம்…"

"நான் போட்டது. நாப்பத்தேழு. நீ என்ன நினைச்சே?"

ஹெட்லி தொண்டையைச் செருமினார். "நான்தான் அவ்வளவு வேகமாப் படிக்கிறேன்னு நினைச்சேன்."

தெர்ஸா புத்தகத்தைத் தாழ்த்தி, அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தலையை நன்றாகச் சாய்த்தார். ஒரே கோடு. அதைப் பார்த்துத் தெர்ஸா தனக்கு மறதி வந்துவிட்டது என்று பயந்திருந்தார். இந்த மனிதர் தன்னை மேதை என்று நினைத்திருக்கிறார்.

"பெர்சியும் இப்படித்தான்" என்றார், அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம் இருவரும் படித்தார்கள். ஹெட்லியால் தாங்க முடியவில்லை. எட்டிப் பார்த்து அட்டையை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஓ, இதுவா. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்தத் தோட்டக்காரன் இருக்கான் பாரு…"

"ஹெட்லி" என்றார் தெர்ஸா, பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உனக்கு இன்னும் நாப்பத்தேழு பாக்கி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் எவன் குத்தினான், எவ விஷம் வச்சான்னு எனக்கு மனப்பாடம். இப்ப நீ மடியில வச்சிருக்கியே, அதுல இருந்தே ஆரம்பிக்கட்டுமா?"

ஹெட்லி பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.